பழவேற்காட்டு ஏரியில் மூன்று நாட்கள்

 

அண்மையில் கனடா நாட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் அதனுடன் சில புகைப்படங்களும் வந்து சேர்ந்தன. அனுப்பியவர் எங்கள் கோடம்பாக்கம் மதரஸாவில் சிறு வயதில் ஓதிய மாணவர். இப்போது டொராண்டோ நகரில் பணியாற்றுகிறார். ஒன்டாரியோ மாநிலத்தில் அல்கோன்குவின் என்றொரு பெரும் வனப்பூங்கா இருக்கிறது. 1893-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது அது. ஆறுகளும் ஏரிகளும் பின்னிக்கிடக்கும் அந்தப் பூங்காவில் 2,000 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட தோணி வழிகள் உள்ளன. 'கனூ' எனப்படும் குறுகிய தோணிகளில் நண்பர்கள் கூட்டாகப் புறப்பட்டு, பகலெல்லாம் துடுப்புப் போட்டு, இரவில் கரையில் கூடாரமடித்துத் தங்குவார்களாம். ஓர் ஏரி முடிந்து மறு ஏரி தொடங்கும் வரை இடையிலுள்ள நிலத்தைத் தோணியைத் தோளில் சுமந்தபடியே கடப்பார்களாம். அந்நாட்டின் ஆதிகுடி மக்கள் மரப்பட்டையால் தோணி செய்து பல நூற்றாண்டுகளாகப் பயணம் செய்த வழிகள் அவை.

கடிதத்தின் இறுதியில் அம்மாணவர், "ஹஜ்ரத், நம் ஊரிலும் இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கிற்று. ஏனெனில் இப்படியொரு பயணத்தை நான் செய்திருக்கிறேன். அந்தப் பயணத்தில் ஒரு தவறும் செய்திருக்கிறேன். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. அது உங்களுக்கும், குறிப்பாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், பயன்படும் என்று கருதியே இங்கே தருகிறேன்.

குடமும் வரிசையும்

ஆற்காட்டு நவாபின் குதிரைகள் மேய்ந்த தோட்டம், 'கோடா பாக்', என்பதே நாளடைவில் கோடம்பாக்கம் ஆயிற்று என்று கூறுவோர் உண்டு. நான் வளர்ந்த காலத்தில் அங்கே குதிரையும் இல்லை, தோட்டமும் இல்லை. சினிமாப் படப்பிடிப்பு நிலையங்களும், மேம்பாலமும், நெருக்கமான தெருக்களும்தாம் இருந்தன. எங்களுக்குத் தண்ணீர் என்றால் லாரி. விடியற்காலையில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களைத் தெருவில் வரிசையாக வைத்துவிட்டு, லாரியின் ஒலிக்காகக் காத்திருப்போம். குடத்தை யாரேனும் முன்னே நகர்த்திவிட்டால் சண்டை மூளும். பஜ்ரு தொழுதுவிட்டு வரும் பெரியவர்கள் அந்தச் சண்டையை விலக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

எங்கள் மாலைநேர மதரஸாவில் ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் அவர்கள் இதைப் பலநாள் பார்த்து வருந்தியிருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டு அரையாண்டு விடுமுறை நெருங்கியபோது ஒருநாள் எங்களிடம், "உங்களுக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் தண்ணீரிலேயே இருந்து பார்ப்போம்" என்றார்கள். பழவேற்காட்டில் குடியிருந்த என் பெரிய மாமா அப்போது சென்னைக்கு வந்திருந்தார்கள். ஏற்பாடுகளைத் தாமே செய்வதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் உம்மாவுக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. "நீச்சல் தெரியாத பிள்ளையை நீருக்கு அனுப்புவார்களா?" என்று கேட்டார்கள். வாப்பாவோ, "ஹஜ்ரத் கூடப் போகிறார்கள் அல்லவா?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். உண்மையில் உம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீரில் யார் அமீர்?

மாணவர்கள் ஒன்பது பேர், ஹஜ்ரத், மாமா ஆகப் பதினோரு பேர் டிசம்பர் கடைசி வாரத்தில் புறப்பட்டோம். பொன்னேரி வரை மின்ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காட்டில் இரண்டு மீன்பிடித் தோணிகளும், அவற்றைச் செலுத்த மீனவர் இருவரும் காத்திருந்தனர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, ஜமுக்காளங்கள், லாந்தர் விளக்குகள், நான்கு குடம் குடிநீர் ஆகியவற்றை ஏற்றினோம். குடங்களின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

பயணத்தில் மூவர் இருந்தாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. எங்கள் அமீர் ஹஜ்ரத்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் தோணியில் கால் வைக்குமுன் அவர்கள் எங்களை நிறுத்தி, "கரையில் நான் அமீர். தண்ணீரில் இந்த அண்ணன்தான் அமீர். அவர் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், எழச் சொன்னால்தான் எழ வேண்டும்" என்று மூத்த படகோட்டியைக் காட்டினார்கள். அவர் முஸ்லிம் அல்லர்; எழுதப் படிக்கவும் அறியாதவர். கைகளைப் பிசைந்துகொண்டு, "ஐயோ பாய், நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று கூச்சப்பட்டார். ஹஜ்ரத் விடவில்லை. அறிவு எவரிடம் இருக்கிறதோ அவருக்குக் கட்டுப்படுவது மார்க்கத்திற்கு உட்பட்டதே என்பதை அன்று நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன்.

நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலேறியபோது ஓதிய துஆவை நாங்கள் ஓத, தோணிகள் நகர்ந்தன.

பயணத் தொழுகையைப் பற்றியும் எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. "நாம் முசாபிர்கள்தாமே? சுருக்கித் தொழலாமே?" என்று ஒருவன் ஆசையோடு கேட்டான். சென்னையிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 60 கிலோ மீட்டர்தான். "உன் சோம்பலுக்குத் தூரம் போதும், கஸ்ருக்குப் போதாது" என்றார்கள் மாமா. எல்லாரும் சிரித்துவிட்டோம்.

ஏரியும் கால்வாயும்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கி ஆறும் இதில் வந்து கலக்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்ட வரப்பைப் போலக் கிடக்கிறது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகும். ஆதலால் மழைக்காலத்தில் உப்புக் குறையும், கோடையில் ஏறும். ஏரி பரந்து விரிந்திருக்கிறதே தவிரப் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். ஆகவே துடுப்பைவிட நீண்ட மூங்கில் கழியே இங்கே அதிகம் பயன்படுகிறது. கழியை அடியில் ஊன்றி, உடலின் பாரத்தை அதன்மீது சாய்த்து, தோணியைத் தள்ளிச் செல்கிறார்கள்.

பழவேற்காடும் சாதாரண ஊரன்று. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக இதனை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. கடல் வணிகம் செய்த நம் முஸ்லிம் குடும்பங்களும் இங்கே நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. பனையோலையால் பெட்டிகளும் கூடைகளும் முடைவதில் இவ்வூர்ப் பெண்களின் கைத்திறன் பெயர் பெற்றது.

தோணி சென்றுகொண்டிருக்கையில் மாமா தம் வாப்பாவின் காலத்துக் கதைகளைச் சொன்னார்கள். அந்நாளில் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போவதென்றால் பக்கிங்காம் கால்வாய்ப் படகில்தான் போவார்களாம். காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். வழியிலேயே சமைத்து, வழியிலேயே தொழுது, படகிலேயே உறங்குவார்களாம். பின்னாளில் நான் கல்லூரியில் வரலாறு படித்தபோது அந்தக் கால்வாயின் கதையைத் தேடிப் படித்தேன். பாசில் காக்ரேன் என்ற ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதற்பகுதியை வெட்டினார். பிறகு அது பழவேற்காட்டு ஏரி வரைக்கும், ஏரியைக் கடந்து ஆந்திர நாட்டுக்குள்ளும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோ மீட்டர் நீண்ட இவ்வழியில் உப்பும், விறகும், சுண்ணாம்புக் கிளிஞ்சலும், நெல்லும் போய்வந்தன. 1960-களிலும் 70-களிலும் வீசிய புயல்களால் அது சிதைந்தது. பிறகு ரயிலும் லாரியும் அதன் வேலையைப் பறித்துக்கொண்டன. சென்னைக்குள் அதன்மீது பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன.

அன்பர்களே! நம் பாட்டனார்களுக்கு இது உல்லாசம் அன்று, வாழ்க்கை. கனடாவிலிருந்து என் மாணவர் வியப்போடு எழுதியதை, நம் கரையில் வணிகரும் விறகு ஏற்றுவோரும் நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் இரவு

வடகிழக்குப் பருவக்காற்று எதிரே வீசிற்று. பாய் விரிக்க இயலவில்லை. கழி ஊன்றியே சென்று, அஸருக்குப் பின் மேற்குக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரியை அடைந்தோம். ஷஃபான் மாதத்தின் இளம்பிறை மேற்கு வானில் மெல்லிய கீற்றாகத் தெரிந்தது. மக்ரிபுக்கு நாங்கள் பாங்கு சொன்னபோது படகோட்டிகள் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு அமைதியாக நின்றனர். கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவின் விளக்குகள் நீரின் மறுகரையில் மின்னின. 1971 முதல் ராக்கெட்டுகள் செலுத்தப்படும் தீவு அது. இக்கரையில் நாங்கள் மண்ணெண்ணெய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தோம்.

மீனவர் பிடித்துக் கொடுத்த மடவை மீனில் மாமா ஆணம் காய்ச்சினார்கள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. ஆனாலும் அதுபோல ருசியான சோற்றை நான் எந்தக் கலியாண வீட்டிலும் உண்டதில்லை.

சாப்பிட்ட பின் மூத்த படகோட்டி, 'பாடு' என்னும் ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லார்க்கும் மாறி மாறி வரும். தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கம் இது. "நல்ல பாடு கெடைச்சவன் நாளைக்கு அத விட்டுடணும். ஏரி எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார் அவர்.

ஹஜ்ரத் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. கோடம்பாக்கத்துத் தெருவில் குடத்தை முன்னே நகர்த்தி வைத்த கைகள் எவை என்று அவர்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் செய்த தவறு

இரண்டாம் நாள் பஜ்ரு தொழுதுவிட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். இருட்டுவதற்குள் இருக்கம் தீவை அடைய வேண்டும் என்பது திட்டம். காலை வெயில் ஏறியபோது தொலைவில் நீரின்மேல் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு கோடு தெரிந்தது. அருகே செல்லச் செல்ல, அவை பூநாரைகள் என்று புரிந்தது. ஆயிரக்கணக்கில் நின்றன. நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி இரை தேடிக்கொண்டிருந்தன. படகோட்டி கழி ஊன்றுவதை நிறுத்தி, "அசையாம இருங்க" என்றார்.

திடீரென்று கூட்டம் முழுவதும் எழும்பியது. சிறகுகளின் உட்புறத்துச் செந்நிறம் வானமெங்கும் விரிந்தது. நான் என்னை மறந்தேன். "அல்லாஹு அக்பர்!" என்று கூவியபடி தோணியில் எழுந்து நின்றுவிட்டேன். என்னைப் பார்த்து என் அருகிலிருந்தவனும் எழுந்தான்.

அவ்வளவுதான். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஏரிநீர் விளிம்பைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. படகோட்டி மறுபக்கம் தாவி உடலைச் சாய்த்திராவிட்டால் முழுதும் கவிழ்ந்திருக்கும். நாங்கள் பிழைத்தோம், ஆனால் எங்கள் தோணியிலிருந்த இரண்டு குடங்களும் உருண்டன. ஒன்றின் நீர் முழுவதும் கொட்டிவிட்டது. மற்றொன்றின் துணி அவிழ்ந்து உப்புநீர் புகுந்துவிட்டது.

பதின்மூன்று பேருக்கு மிஞ்சியது மறு தோணியிலிருந்த இரண்டு குடங்கள். அவற்றிலும் முந்திய இரவின் சமையலுக்கு எடுத்ததுபோக ஒன்றரைக் குடமே இருந்தது. இருக்கம் இன்னும் வெகு தூரம். எதிர்க்காற்றோ வலுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். ஆனால் ஒரு மிடறு குடிக்க முடியாது. லாரிக்காகக் குடம் வைத்துக் காத்திருந்த எனக்குத் தண்ணீரின் விலை அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

எல்லாரும் திட்டுவார்கள் என்று தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். படகோட்டி உள்ளே புகுந்த நீரைத் தகரக் குவளையால் இறைத்துக்கொண்டே, நிதானமாக ஒன்று சொன்னார்: "தம்பி, தண்ணியில எழுந்து நிக்கிறவன் தனக்கு மட்டும் எழுந்து நிக்கிறதில்ல. மத்தவங்களையும் சேத்துத்தான் தூக்கி நிறுத்துறான்."

ஹஜ்ரத் மறு தோணியிலிருந்து இதைக் கேட்டார்கள். "மகனே, இதையே நம் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறார்கள்" என்று கூறி, அந்தக் கப்பல் உவமையை விளக்கினார்கள். ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே வந்து போவது சிரமமாயிருக்கிறதென்று தங்கள் பகுதியில் துளையிட்டுக்கொள்ள நினைக்கிறார்கள். மேலே உள்ளவர்கள் அதைத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். அவர்கள் இடம், அவர்கள் விருப்பம் என்று விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். ஓதிய பாடந்தான். ஆனால் மதரஸாவின் பாயில் உட்கார்ந்து ஓதியதற்கும், நனைந்த உடையோடு தோணியில் உட்கார்ந்து கேட்டதற்கும் எவ்வளவு வேறுபாடு!

பின்னர் அவர்கள் ஒரு தம்ளரை என் கையில் கொடுத்தார்கள். "இனி இருக்கம் சேரும் வரை தண்ணீர் பங்கிடுவது உன் பொறுப்பு. எல்லாருக்கும் சமமாகக் கொடு. கூட்டத்துக்கு நீர் புகட்டுகிறவன் கடைசியில்தான் குடிக்க வேண்டும். அது நபிவழி" என்றார்கள். தண்டனையா, மரியாதையா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. லுஹருக்கு ஏரிநீரிலேயே ஒளு செய்தோம். கடற்பயணம் செய்வோர், தங்களிடம் குடிநீர் குறைவாக இருப்பதால் கடல்நீரில் ஒளு செய்யலாமா என்று கேட்டதற்கு, அது தூய்மையானதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தியையும் ஹஜ்ரத் நினைவூட்டினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவரின் வறண்ட நாக்கு அன்று எனக்குப் புரிந்தது.

அரைத் தம்ளர், அரைத் தம்ளராகக் கொடுத்தேன். கழி ஊன்றும் படகோட்டிகளுக்கு மட்டும் முழுத் தம்ளர் கொடுக்கச் சொல்லி ஹஜ்ரத் உத்தரவிட்டார்கள். நான் கடைசியில் குடித்தேன்.

இருக்கத்தின் ஊற்று

இருட்டும் வேளையில் இருக்கம் தீவை அடைந்தோம். அது ஆந்திர எல்லைக்குள் உள்ளது; ஆனால் மக்கள் தமிழ் பேசுகிறார்கள். கரைக்கு வந்த ஒரு மூதாட்டி எங்கள் வறண்ட முகங்களைப் பார்த்தார். யார், எந்த ஊர், என்ன மதம் என்று அவர் கேட்கவில்லை. மணலில் தோண்டியிருந்த ஊற்றுக்கு எங்களை அழைத்துச் சென்று, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார். நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த தீவில், மணலுக்கடியில் இனிப்பான நீர்! ஹஜ்ரத் அவருக்குப் பணம் கொடுக்க முற்பட்டார்கள். "தண்ணிக்கு ஏது காசு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றிரவு பிறை மறைந்தபின் வானம் முழுவதும் நட்சத்திரங்கள். துருவ நட்சத்திரத்தை வலத்தோளுக்கு நேரே வைத்துக்கொண்டு மேற்கே நோக்கி, அங்கிருந்து சிறிது வடக்கே திரும்பினால் கிப்லா என்று மாமா காட்டினார்கள். மணலில் ஸஃப் கட்டித் தொழுதோம். படகின் பாய்த்துணியே எங்களுக்கு விரிப்பும் போர்வையுமாயிற்று.

மூன்றாம் நாள் மேற்குக் கரையில் பீமுனிவாரிப்பாளையம் என்னும் துறையில் இறங்கினோம். அதுவரை எதிரியாயிருந்த காற்று இப்போது படகோட்டிகளுக்கு நண்பனாயிற்று. அவர்கள் பாயை விரித்துத் தெற்கு நோக்கித் திரும்பினர். நாங்கள் ஆரம்பாக்கத்தில் ரயிலேறிக் கோடம்பாக்கம் வந்து சேர்ந்தோம். அதன்பின் எங்கள் தெருவில் குடச்சண்டை அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் எங்கள் ஒன்பது பேரில் எவனும் பிறகு அடுத்தவர் குடத்தைத் தொட்டதில்லை.

வெள்ளத்தில் வந்த தோணி

சரியாக 20 ஆண்டுகள் சென்றன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. எங்களுக்கு அருகிலுள்ள ஜாபர்கான்பேட்டையின் தாழ்வான தெருக்களில் வீடுகள் மூழ்கின. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கதவைத் திறந்து வைத்தன. கரையோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். எவரும் அவர்களுக்குக் கூலி பேசவில்லை. அழைப்புக்குக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை.

தெருக்களின் வழி தெரிந்தவன் என்பதால் அத்தகைய ஒரு படகில் நானும் ஏறினேன். ஒரு வீட்டின் மாடியோரம் படகை நிறுத்தியதும், அச்சத்தில் இருந்த மக்கள் அனைவரும் ஒரே பக்கத்திலிருந்து உள்ளே தாவ முயன்றனர். படகு சாய்ந்தது. என்னையறியாமல் என் வாயிலிருந்து, "உட்காருங்கள்! ஒவ்வொருவராக! நடுவில் உட்காருங்கள்!" என்ற குரல் எழுந்தது. அது என் குரலன்று. பழவேற்காட்டு அண்ணனின் குரல். அந்தக் குடும்பம் பத்திரமாகக் கரை சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். மதரஸாவில் குடிநீர்ப் பொட்டலங்களைப் பங்கிட்டபோது நான் எங்கே நிற்க வேண்டும் என்பதை எவரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. வரிசையின் கடைசியில் நின்றேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இனி என் உம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஒன்பது பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் இருவரே. உயிர்காப்பு அங்கி என்ற ஒன்றை நாங்கள் கண்ணாலும் பார்த்ததில்லை. அல்லாஹ் காப்பாற்றினான் என்பது உண்மை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பதும் நாம் அறிந்ததே. அந்தக் கட்டும் வேலையை நாங்கள் செய்யவில்லை. அதே பழவேற்காட்டில், 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பட்டியலில் எங்கள் பெயர்கள் 16 ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றிருக்கக்கூடும். அதன்பின் அங்கு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

எனவே எங்களைப் போலவே செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து ஒதுக்கியே வளர்ப்பதும் பாதுகாப்பு ஆகாது. தண்ணீர் ஒருநாள் நம் வாசலுக்கே வரும் என்பதைக் கோடம்பாக்கத்தார் கண்டுவிட்டோம். முதலில் நீந்தக் கற்றுக்கொடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, தக்க ஏற்பாட்டோடு பெண் பிள்ளைகளுக்கும். 1984 முதல் இயங்கிவரும் முட்டுக்காடு படகுத்துறை, சதுப்புக் காடுகளுக்கிடையே துடுப்புப் படகில் செல்லும் பிச்சாவரம் போன்ற இடங்களுக்கு, மேற்பார்வை உள்ள வேளையில் குடும்பத்தோடு செல்லுங்கள். உயிர்காப்பு அங்கி அணியாமல் எவரையும் ஏறவிடாதீர்கள். படகு தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்றாதீர்கள். படகோட்டியின் சொல்லே அங்கே சட்டம் என்பதைப் புறப்படுமுன் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

எங்கள் ஹஜ்ரத் இப்போது இவ்வுலகில் இல்லை. அவர்களுடைய மறுமை வாழ்வு சிறக்க துஆச் செய்யுங்கள். அந்தப் படகோட்டி அண்ணனைப் பிறகு ஒருமுறைதான் சந்தித்தேன். என் தவறு அவருக்கு நினைவில் இல்லை. "அப்படியா நடந்துச்சு?" என்று சிரித்தார்.

கனடாவிலுள்ள என் மாணவருக்கு நான் இப்படி எழுதி முடித்தேன்: "தம்பி, நம் ஊரிலும் உண்டு. அடுத்த முறை நீ தோணியில் போகும்போது குடிநீரை நடுவில் இறுகக் கட்டி வை. அழகான பறவையைக் கண்டால் உட்கார்ந்தபடியே பார். தாகத்தோடு இருப்பவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டுக் கடைசியில் நீ குடி. அந்தக் கடைசி மிடறுக்கு இணையான இனிப்பை நான் இன்றுவரை வேறெங்கும் சுவைத்ததில்லை."